எத்தனை கிலோ ஏற்றுவது, எங்கே நிறுத்துவது?

1985 செப்டம்பர் 21, லாஸ் வேகஸ் நகரின் ரிவியரா ஹோட்டல். 48 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காத உலக ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் அன்று ஜெயித்தால், ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிச் சாதனையைத் தொட்டுவிடுவார். எதிரே நின்ற மைக்கேல் ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவிவெயிட் பிரிவுக்காரர். அந்தப் பிரிவின் உச்ச வரம்பு 175 பவுண்டு, அதாவது 79 கிலோவுக்குச் சற்று மேல். அங்கே பட்டம் வைத்திருந்தபடியே மேலே ஏறி ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தவர் அதுவரை யாருமில்லை. 1955இல் ஆர்ச்சி மூர் முயன்று மார்சியானோவிடம் வீழ்ந்தார். 1970இல் பாப் ஃபாஸ்டர், ஜோ ஃப்ரேஸியரிடம் வீழ்ந்தார்.

ஸ்பிங்க்ஸ் வளையத்துக்குள் வந்தபோது அவருடைய எடை ஏறக்குறைய 200 பவுண்டு, 91 கிலோவுக்கு நெருக்கம். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மேக்கி ஷில்ஸ்டோன் என்ற பயிற்சியாளர் அவருக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார், உணவைக் கணக்குப் பார்த்துக் கூட்டினார், நெடுந்தூர ஓட்டத்தைக் குறைத்துச் சின்னச் சின்ன வேக ஓட்டங்களைப் புகுத்தினார். பளு தூக்கினால் தசை இறுகிக் கை வேகம் போய்விடும் என்று குத்துச்சண்டைக் கூடங்கள் உறுதியாக நம்பிய காலம் அது. 15 சுற்றுகளின் முடிவில் புள்ளிக் கணக்கில் ஸ்பிங்க்ஸ் வென்றார்.

ஹோம்ஸின் எடை 221 பவுண்டைத் தாண்டியிருந்தது. அதை எட்ட ஸ்பிங்க்ஸ் தரப்பு முயலவே இல்லை. வேகம் கெடாமல் எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்கள். எடை கூட்ட ஆசைப்படுகிற எவருக்கும் இந்தச் சண்டையில் பாடமாக இருப்பது இந்த நிறுத்தம்தான். ‘உடம்பு போடணும்’ என்று ஜிம்முக்குள் நுழையும் இளைஞன் மனதில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கும். 70 என்பான், 75 என்பான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நண்பனைக் காட்டுவான், நடிகரைக் காட்டுவான், இல்லையென்றால் சுவரில் ஒட்டியிருக்கும் உயர எடை அட்டவணையைக் காட்டுவான்.

அந்த அட்டவணையின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1830களில் முன்வைத்தார். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதே அவர் நோக்கம். தனி ஆளின் ஆரோக்கியத்தை அளப்பது அவர் எண்ணத்திலேயே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் துறைக்குள் வந்தன. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1940களில் வெளியிட்ட உயர எடைப் பட்டியல், எந்த எடைக்காரர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்ற பாலிசிக் கணக்கிலிருந்து பிறந்தது. கெட்லேயின் வாய்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் 1972இல் மறுபடி எடுத்து ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். இன்றைய பிஎம்ஐ அதுதான். இந்த வாய்பாடும் பட்டியலும் தசை தனி, கொழுப்பு தனி என்று பிரித்து எடை போடுவதில்லை.

பிரித்துப் பார்த்தவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே. 1942இல் அவரும் வெல்ஹம் என்பவரும் 25 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்து, உடலின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். அன்றைய அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் எடை மிகுந்தவர்கள், ராணுவத்துக்கோ முதல்தரக் காப்பீட்டுக்கோ தகுதியில்லாதவர்கள். அடர்த்தியோ வேறு கதை சொன்னது. அவர்களில் பெரும்பாலோரிடம் கொழுப்பு மிகக் குறைவு. கூடுதல் எடை முழுக்கத் தசை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் மொத்தம் 342.5 கிலோ தூக்கிய துருக்கி வீரர் நைம் சுலைமானோக்லுவின் உயரம் 147 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பிஎம்ஐ 27.8 வருகிறது. சுவர் அட்டவணை அவரை எடை குறைக்கச் சொல்லியிருக்கும்.

இந்தியர்களுக்கு இதன் மறுபக்கம்தான் அதிக முக்கியம். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லி, வயிற்றில் மட்டும் மடிப்பு என்ற உடல்வாகு நம் தெருக்களில் அன்றாடம் காணக் கிடைப்பது. உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு 23இலிருந்தே எச்சரிக்கை தேவை என்று சொன்னதும், இந்திய மருத்துவர்கள் 2009இல் உடல் பருமனுக்கு 25 என்று வரம்பு வகுத்ததும் இதனால்தான். ஆக, ஒல்லியான இந்தியரின் குறை கிலோவில் இருப்பதைவிடத் தசையில் இருப்பதே அதிகம். ‘நல்லா சாப்பிடு, உடம்பு தேறும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஏற்கெனவே மிஞ்சி நிற்கும் கொழுப்பே இன்னும் ஏறும்.

சேரும் ஒவ்வொரு கிலோவிலும் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பயிற்சி தொடங்கிச் சாப்பாட்டையும் கூட்டியவருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே தராசு ஒன்றிரண்டு கிலோ ஏறிக் காட்டலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசைக்குள் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. கிரியேட்டின் எடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். இதைப் பார்த்துவிட்டு ‘மாதம் நான்கு கிலோ’ என்று கணக்குப் போடுபவர்கள் மூன்றாவது மாதம் மனம் உடைந்து போகிறார்கள்.

தசை வளரும் வேகத்துக்கு உடல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஷலேந்தர் பாசின் குழு வெளியிட்ட ஆய்வு அந்த வரம்பைத் தெளிவாகக் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் பளுப் பயிற்சியில் முன்பே பழகிய ஆண்கள். 10 வாரத்தில், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய 2 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தபோது 6.1 கிலோ. நான்கே மாதத்தில் பத்து கிலோ தசை ஏற்றிய நடிகரின் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஜிம்முக்கு வருபவர், இந்த மூன்று எண்களையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சாப்பாட்டைக் கூட்டினால் அந்த வரம்பு உயராதா? புதியவர்களுக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. பயிற்சியே அறியாத இளைஞர்களுக்கு, பளுப் பயிற்சியோடு தினம் 2000 கலோரி கூடுதலாகக் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில் 8 வாரத்தில் சுமார் 3 கிலோ ஏறியது. பெரும்பகுதி கொழுப்பல்லாத எடை. ஆனால் பழகிய உடல் அப்படி இடம் கொடுப்பதில்லை. நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் இனா கார்த்தே குழு செய்த ஆய்வு 2013இல் வந்தது. உணவு ஆலோசனை பெற்று நன்றாகச் சாப்பிட்ட குழுவின் எடை 3.9 சதவீதம் ஏறியது. தம் விருப்பப்படி சாப்பிட்ட குழுவுக்கு 1.5 சதவீதம். தராசு மட்டும் பார்த்தால் முதல் குழுவுக்கு வெற்றி. உள்ளே பிரித்தால் தசைப் பங்கில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, 1.7 சதவீதமும் 1.2 சதவீதமும்தான். கொழுப்போ முதல் குழுவுக்கு 15 சதவீதம் கூடியிருந்தது, இரண்டாவதற்கு 3. பத்தாண்டு கழித்து எரிக் ஹெல்ம்ஸ் குழு சிறிய அளவில் செய்த இன்னொரு சோதனையிலும் வேகமாக எடை ஏற்றியவர்களுக்குத் தோல் மடிப்பின் தடிமன்தான் முக்கியமாகக் கூடியது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டு உணவு வல்லுநர்கள் இன்று சொல்லும் வேகம், வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம். 60 கிலோக்காரருக்கு அது 150 முதல் 300 கிராம். மாதம் ஒரு கிலோ ஏறினாலே நல்ல வேகம். ஓராண்டுக்குப் பிறகு அதில் பாதி கிடைத்தால் போதும் என்று மகிழ வேண்டும்.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு, அது சாதாரண வித்தியாசமும் இல்லை. கனடாவில் கிளாட் பூஷார் 12 ஜோடி இரட்டையர்களுக்கு வாரத்தில் ஆறு நாள், தினம் 1000 கலோரி வீதம் கூடுதலாக ஊட்டினார். நூறு நாள் முடிவில் சராசரியாக 8.1 கிலோ கூடியது. மிகக் குறைவாக ஏறியவருக்கு 4.3, மிக அதிகமாக ஏறியவருக்கு 13.3. ஒரே ஜோடிக்குள் மட்டும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. ஜேம்ஸ் லெவைன் 1999இல் 16 பேரிடம் 8 வாரம் செய்த இதே மாதிரி சோதனையில், ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். கூடுதலாக வந்த சக்தியைச் சிலருடைய உடல் தன்னையறியாமல் நடந்தும் நின்றும் கால் ஆட்டியும் செலவழித்துவிடுகிறது. ‘எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை’ என்று சொல்பவரைப் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தேவையில்லை. பயிற்சியின் பலனும் இப்படித்தான். 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரி கைப் பயிற்சி கொடுத்த ஆய்வில், சிலருக்குத் தசை அளவு கொஞ்சமும் கூடவில்லை. ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. நண்பனின் எடையை இலக்காக வைத்துக்கொள்வது ஏன் பயனற்றது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

பயிற்சி என்ற பகுதியில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. சுமை படிப்படியாக ஏற வேண்டும். தென் மாவட்ட ஊர்ப் பொதுவிடங்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல் ஒரு பரீட்சை. அதன் எடை மாறாது, தூக்குபவன்தான் அதற்குத் தயாராகி வர வேண்டும். தயாராக்கும் வேலையைச் சிலம்பக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் செய்தன. சிறிய கட்டையில் கை பழகியபின் பெரிய கட்டைக்குப் போவது அங்கே வழக்கம். அதே தத்துவத்தை ஆலன் கால்வெர்ட் என்ற அமெரிக்கர் 1902இல் எடை கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்லாகச் செய்து விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களின் முழங்காலைத் தேற்றிய மருத்துவர் தாமஸ் டிலோர்ம், பாரத்தை வாரந்தோறும் ஏற்றும் முறைக்கு மருத்துவ மரியாதை தேடித் தந்தார். இன்று எந்த ஜிம்மிலும் கேட்கிற ‘பத்து ரெப், மூணு செட்’ அவர் வழியாகப் பரவியதுதான்.

1930களில் அமெரிக்காவில் மார்க் பெர்ரியும் பியரி ரேடரும் பரப்பிய முறை வேறு துருவத்துக்குப் போனது: கனத்த பாரத்தோடு மூச்சு வாங்க வாங்க இருபது ஸ்குவாட், பிறகு லிட்டர் கணக்கில் பால். இதன் இன்றைய வடிவம் தினம் ஒரு கேலன் பால், கிட்டத்தட்ட 3.8 லிட்டர், 2400 கலோரி. எலும்பும் தோலுமாய் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்குச் சில வாரம் இது வேலை செய்யும். வயிற்றில் ஏற்கெனவே மடிப்பு உள்ளவருக்கு இதைப் பரிந்துரைப்பது தவறு.

தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் அது அவ்வளவு அச்சுறுத்துவதாக இல்லை. 49 ஆய்வுகளைத் தொகுத்து ராபர்ட் மோர்ட்டன் குழு 2018இல் வெளியிட்ட முடிவுப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் சராசரியில் தசைக்குக் கூடுதல் பலன் தெரிவதில்லை. 60 கிலோக்காரருக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12, அதே அளவு கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 10, மதியம் கெட்டியான பருப்பும் சாம்பாரும் சேர்ந்து 12, இரவு நூறு கிராம் மீனில் 20. மீதியைச் சோறும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். சைவமாக இருந்தால் மீனுக்குப் பதில் பனீரோ சோயா உருண்டையோ. மிச்சமாகத் தேவைப்படும் தினசரி 300 கலோரிக்கு இந்த அரை லிட்டர் பாலே ஈடுகொடுத்துவிடும். இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்பார்கள். பாரம் தூக்குகிற இளைத்தவனுக்கு எள்ளின் எண்ணெயும் வேண்டும், கொள்ளின் புரதமும் வேண்டும்.

சரி, எந்த எண்ணில் நிறுத்துவது? தராசு எண்ணிலிருந்து கொழுப்பைக் கழித்து, மிஞ்சுவதை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதே நேர்மையான வழி. 1995இல் கூரி, ஹாரிசன் போப் குழு ஸ்டீராய்டு எடுப்போர், எடுக்காதோர் என 157 ஆண் வீரர்களை இப்படி அளந்தது. எடுக்காதவர்களின் உச்சம் 25 என்ற எண்ணையொட்டி நின்றது. எடுத்தவர்கள் பலர் அதைத் தாண்டியிருந்தார்கள். ஐரோப்பிய ஆண்களின் சராசரி 19ஐ ஒட்டி இருக்கும். அதாவது பல்லாண்டு உழைப்பும் நல்ல உடல்வாகும் சேர்ந்தால்கூடச் சராசரியிலிருந்து ஆறு படிதான் மேலே போகலாம்.

உதாரணத்துக்கு 172 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளலாம். கொழுப்பு 15 சதவீதம் என்றால் 8 கிலோ, மீதி 46. உயரத்தின் வர்க்கம் 2.96. வகுத்தால் 15.5. இவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு 18.5ஐக் குறிவைக்கலாம். அதற்குக் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய 55 கிலோவாக வேண்டும். கொழுப்பு 16 சதவீதம் வரை போகலாம் என்று அனுமதித்தால் மொத்த எடை 65. பதினோரு கிலோ ஏற்றத்தில் ஒன்பது கிலோ தசையும் அதைச் சார்ந்ததும், இரண்டு கிலோ கொழுப்பு. இவர் மனதில் இருந்த 75ஐ இந்த உயரத்தில் 16 சதவீதக் கொழுப்போடு எட்ட வேண்டுமானால் எண் 21க்கு மேல் போக வேண்டும். நடக்காத காரியமென்று சொல்ல முடியாது. ஆனால் அது பல ஆண்டு வேலை.

வீட்டில் இந்தக் கணக்குக்குத் தையல்காரரின் அளவு நாடா போதும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். எடை இரண்டு கிலோ ஏறி, ஸ்குவாட் பாரம் பத்து கிலோ கூடி, இடுப்பு அப்படியே இருந்தால் போகிற பாதை சரி. எடையும் இடுப்பும் மட்டும் ஏறி பாரம் நின்றுபோனால் உணவைக் குறைக்க வேண்டிய நேரம். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பு வரம்பை நெருங்குகிறவர், கனவு எடை இன்னும் தூரத்தில் இருந்தாலும் ஏற்றத்தை நிறுத்தத்தான் வேண்டும்.

பந்தயக்காரர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. எண்ணை விளையாட்டே விதிக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது 77 கிலோ பிரிவில். 2018 இறுதியில் சர்வதேசச் சம்மேளனம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு 73, 81 என்று மாற்றியது. 77க்காக உடம்பைச் செதுக்கியிருந்தவர்கள் எல்லோரும் ஏறுவதா இறங்குவதா என்று முடிவெடுக்க நேர்ந்தது. ஏறிய எடையை இறக்குவதன் விலையை ராய் ஜோன்ஸ் ஜூனியர் காட்டினார். 2003 மார்ச்சில் 193 பவுண்டு எடையோடு, 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி 175க்கு இறங்கி அன்டோனியோ டார்வருடன் மோதி, திணறித் திணறி ஜெயித்தார். அடுத்த மே மாதம் அதே டார்வர் அவரை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்தார்.

பெண்கள் பாரத்தைத் தொட்டால் ஆண் போல ஆகிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். இரண்டு மடங்குக்கும் மேலான அந்த பலம் சின்ன உடம்புக்குள்தான் இருந்தது. சதவீதக் கணக்கில் பெண்களின் தசை ஆண்களுடையதைப் போலவே வளர்கிறது. தொடங்கும் அளவு சிறியது என்பதால் கிலோக் கணக்கில் குறைவாகத் தெரிகிறது.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு விற்கப்படும் சரக்குதான் இந்தத் துறையின் வேதனையான பக்கம். மாஸ் கெய்னர் டப்பாக்களில் பலவற்றில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கலாம். பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின் மாத்திரையையும், முகம் உப்பி எடை ஏறச் செய்யும் டெக்சாமெதசோனையும் மருந்துச் சீட்டில்லாமல் விழுங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். டெக்சாமெதசோன் தசையைக் கரைத்து, எலும்பை மெலியச் செய்து, சர்க்கரையை ஏற்றும். ஏறுவது நீரும் கொழுப்பும்தான். எடை கூட்டும் முயற்சிக்கெல்லாம் முந்தைய படியாக, காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டே போகிறவர் ஜிம்முக்குப் போகுமுன் மருத்துவரிடம் போக வேண்டும். காசநோயும் நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் முதலில் உடம்பிளைப்பாகவே தலைகாட்டக்கூடியவை.

வயது பளுப் பயிற்சிக்குத் தடையாக இல்லை. பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் 1990இல் 86 முதல் 96 வயதுவரை உள்ள முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசை 9 சதவீதம் பெருத்தது.

இலக்கைத் தொட்டபின் உழைப்பு குறைகிறது என்பது நல்ல செய்தி. பிக்கெல் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 16 வாரம் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி அளவைப் பிறகு மூன்றில் ஒரு பங்காகவும் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்து 32 வாரம் பார்த்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்கள், வாரம் மூன்று நாளுக்குப் பதில் ஒரே நாள், மூன்று செட்டுக்குப் பதில் ஒரே செட் செய்தும் சேர்த்த தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பாரத்தை மட்டும் குறைக்கவில்லை. 60 தாண்டியவர்களுக்குப் பலம் பெரும்பாலும் நிலைத்தது, தசையின் அளவு நிலைக்கவில்லை. அவர்கள் வாரம் ஒரு நாளைவிடக் கூடுதலாகத்தான் பாரம் தூக்க வேண்டியிருக்கும்.